உலாவி மாறிவிட்டது, இனி என்ன செய்வது? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையப் பக்கங்களைத் திறக்க நாம் தட்டும் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி போன்றவற்றைத்தான் உலாவி என்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுப்பது, நகல் எடுப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுப்பது என்று ஓடும் ஒரு சின்னக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். எல்பில், டோவன்பி, ஹீவுட் தோட்டத்துப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். தோட்டத்தை விட்டு வந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறியவர்களும் வருவார்கள். உலாவி புதுப்பிக்கப்பட்ட வாரம் என்றால் கடையில் இரண்டு கட்சி. "இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கு" என்று ஒரு கட்சி, "யாரைக் கேட்டு மாத்தினாங்க" என்று ஒரு கட்சி. இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் என் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்படி என்னதான் மாறியது? ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்?

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், ஆளுக்கு ஒன்று மாறியிருப்பதுதான். குரோம் தன் 15ஆம் ஆண்டையொட்டி 2023 செப்டம்பரில் புதுத் தோற்றத்துக்கு வந்தது. சின்னங்கள், நிறங்கள், பட்டியலின் இடைவெளி எல்லாம் மாறின. அதே மாதம் முகவரிக்குப் பக்கத்திலிருந்த பூட்டுப் படமும் போனது. பயர்பாக்ஸ் 2025 மார்ச்சில் தாவல்களை (ஒரே உலாவியில் திறந்துவைக்கும் பல பக்கங்களை) பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அடுக்கும் வசதியைக் கொடுத்தது. அடுத்த மாதம் தாவல்களைக் குழுவாகக் கட்டிவைக்கும் வசதி வந்தது. 2025 நடுவில் ஆண்ட்ராய்டு குரோமில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கிக்கொள்ள முடிந்தது. இதற்கு நடுவே, உலாவியோடு சேர்த்துப் போடும் துணைச் செயலிகளான நீட்சிகளில், விளம்பரத்தைத் தடுக்கும் சில வேலை செய்யாமல் போயின. பழைய கைப்பேசிகளுக்குப் புதுப் பதிப்பு வருவதும் நின்றது.

இதில் எது உங்களைத் தொட்டதோ அதை வைத்துத்தான் நல்லது, கெட்டது என்று சொல்வீர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்கு முப்பது தாவலைக் குழுவாகக் கட்ட முடிவது பெரிய நிம்மதி. பழைய கைப்பேசி வைத்திருக்கும் அவளுடைய தாத்தாவுக்கு அதே வருடம் புதுப்பித்தலே நின்றுபோனது. இருவரும் பேசுவது உலாவி மாறியதைப் பற்றித்தான்.

என் கைப்பேசியில் ஒன்றும் மாறவில்லை. தங்கை கைப்பேசியில் மட்டும் மாறியிருக்கிறதே?

உங்கள் கைப்பேசியில் கோளாறு எதுவும் இல்லை. புதுப் பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்ப மாட்டார்கள். முதலில் சிறு பங்கினருக்கு அனுப்பி, பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் சில வசதிகளைச் சோதனைக்காகச் சிலருக்கு மட்டும் காட்டுவதும் உண்டு. அதனால் ஒரே வீட்டில், ஒரே மாடல் கைப்பேசியில்கூட முகம் வேறு வேறாக இருக்கும்.

ஏன் இவ்வளவு அடிக்கடி மாற்றுகிறார்கள்?

குரோம் 2021 முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெரிய பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்பு ஆறு வாரம். பயர்பாக்ஸ் 2020 முதலே நான்கு வாரக் கணக்குக்கு வந்துவிட்டது. இவை போக, 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகிறது. பெரும்பாலானவை உங்கள் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற மாதிரி முகம் மாறுவது எப்போதாவது ஒரு முறைதான். ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் வருவதால், முகம் மாறிய கோபத்தில் பாதுகாப்பையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். நான் கவலைப்படுவது இதற்காகத்தான்.

இளையவர்களுக்குப் பிடிக்கிறது, பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. வயசுதான் காரணமா?

இல்லை. கடையில் பார்த்த வரையில் எனக்கு வேறொன்று தெரிகிறது. பட்டியலில் உள்ள எழுத்தை வாசித்துப் பழகியவர்கள் சீக்கிரம் சமாளித்துக்கொள்கிறார்கள். இடத்தை மனப்பாடம் செய்து பழகியவர்கள் தவித்துப் போகிறார்கள்.

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா மாதா மாதம் கரண்டு பில்லைத் தன் கைப்பேசியிலேயே பார்ப்பார். அவருடைய வழி இதுதான்: மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, அதைத் தட்டினால் வரும் வரிசையில் மேலிருந்து இன்னாவது வரி, அதற்குள் முதலில் இருப்பது. அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. கட்டைவிரல் தானாக அந்த உயரத்துக்குப் போய் நிற்கும். ஒரு புதுப்பித்தலில் பட்டியலுக்கு நடுவே புதிதாக ஒரு வரி நுழைந்தது. அவருடைய வரி ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அவர் தட்டியதும் முன்பு பார்த்த பக்கங்களின் நீண்ட பட்டியல் திறந்தது. யாரோ கைப்பேசிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, அதை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

அவரை ஞாபக மறதிக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, நானூறு ஐந்நூறு மரத்தை இருட்டிலேயே அடையாளம் கண்டு வெட்டியவர். எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் பட்டை, எங்கே பள்ளம் என்று கால் அறிந்து நடந்தவர். அதே பழக்கத்தில்தான் கைப்பேசியையும் கற்றுக்கொண்டார். ஒரே இரவில் மரங்களை எல்லாம் ஓர் அடி நகர்த்தி நட்டால் எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியும் தடுமாறத்தான் செய்வார்.

ஆகவே "பெரியவங்களுக்குப் புதுசு பிடிக்காது" என்று சொல்லித் தள்ளிவிடுவது நியாயமில்லை. பெரியவர்களிலும் மகிழ்ந்தவர்கள் உண்டு. கணினியில் வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடியதும், "இப்ப தப்பான இடத்துல கிளிக் ஆகுறதில்ல" என்று சந்தோஷப்பட்ட ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். நிறத்தையும் சின்னத்தையும் நிறுவனங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றட்டும். பொருள் இருந்த இடத்தை மாற்றுவதாக இருந்தால், பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளும் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

உலாவியைத் தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். இதைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். நம் பெரியவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள். காலையில் பசியாறும்போதே தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் கையில் உள்ள கைப்பேசி மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வாங்கிக் கொடுத்த பிள்ளை அப்படியே விட்டுப் போயிருக்கும். வாசிக்கத் தெரிந்தவரை நாமே இடத்தை மனப்பாடம் செய்பவராக ஆக்கிவிட்டோம்.

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி, 'செட்டிங்ஸ்' போய், 'லேங்குவேஜஸ்' என்பதைத் திறங்கள். கைப்பேசி மலாயில் இருந்தால் 'தெத்தாப்பான்', அப்புறம் 'பஹாசா'. உலாவியின் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் தமிழ்க் கோப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். உலாவியை மறுபடி திறக்கச் சொல்லும். அதன் பிறகு பட்டியல் எல்லாம் தமிழில் வரும். பயர்பாக்ஸிலும் இதே போல மொழி மாற்றும் இடம் அமைப்புகளுக்குள் இருக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உலாவியின் சொந்தப் பட்டியல் மட்டும்தான் தமிழாகும். வங்கிப் பக்கமோ அரசாங்கப் பக்கமோ தானாகத் தமிழாகாது. அதே போல, தமிழ்ப் பட்டியலில் வரும் சில வார்த்தைகள் முதலில் புதிதாகத் தெரியும். ஒரு வாரம் கையில் வைத்துப் பாருங்கள் என்பேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் பழைய மொழிக்கே மாற்றித் தருகிறேன்.

தட்டச்சு சிரமமாக இருந்தால் பேசியே தேடலாம். கூகுளின் குரல் உள்ளீட்டில் மலேசியத் தமிழ் என்றே தனித் தேர்வு உண்டு. ஒலிவாங்கிப் படத்தைத் தட்டி நம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம்.

தமிழும் கணினியும் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1980களிலேயே முத்து நெடுமாறன் இங்கிருந்து முரசு என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பிறகு வந்த அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழில் எழுத வழி செய்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு, நம் அம்மாக்கள் தெரியாத மொழிப் பட்டியலில் வரியை எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முகவரிப் பட்டை கீழே போய்விட்டது. மேலே கொண்டுவருவது எப்படி?

ஆண்ட்ராய்டு குரோமில் பட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இடத்தை மாற்றும் தேர்வு வரும். பயர்பாக்ஸிலும் ஐபோன் சஃபாரியிலும் அமைப்புகளுக்குள் மேலா கீழா என்று தேர்ந்தெடுக்கலாம்.

பெரிய திரைக் கைப்பேசியை ஒரு கையில் பிடிப்பவர்களுக்குக் கீழே இருப்பது உண்மையிலேயே நல்லது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டுகிற தாய்மார்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுபவர்களுக்கு மேலே இருந்தால் வசதி. இதில் சரி தவறு கிடையாது.

முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டு எங்கே? அது இல்லாமல் வங்கிப் பக்கத்தை நம்பலாமா?

குரோம் 117 பதிப்பில், 2023 செப்டம்பரில், பூட்டுக்குப் பதிலாக இரண்டு சிறு கோடும் வட்டமும் கொண்ட ஒரு சின்னம் வந்தது. ஐபோன் குரோமில் பூட்டை அப்படியே எடுத்துவிட்டார்கள். கடையில் அதிகமாகப் பயத்தைக் கிளப்பிய மாற்றம் இதுதான். "பூட்டு இருந்தா நம்பலாம்னு நீதானே தம்பி சொன்ன" என்று கேட்காதவர்கள் குறைவு. கடைகளில், செய்திகளில், வங்கிக் கையேடுகளில் எல்லாம் பல வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

பூட்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகிற தகவலை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா திருடனா என்று அது சொன்னதே இல்லை. இன்று போலி வங்கித் தளங்களும் அதே பூட்டை வாங்கி மாட்டிக்கொள்கின்றன. கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில், கலந்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினர் மட்டுமே பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அதனால்தான் அதை எடுத்தார்கள். இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சரி, இனி எதைப் பார்ப்பது? முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பைத் தட்டி வங்கிக்குள் போகாதீர்கள். சரியான முகவரியை ஒரு தடவை உலாவியில் நட்சத்திரம் போட்டுச் சேமித்துவைத்து, எப்போதும் அதிலிருந்தே திறங்கள். இப்போது வரும் எச்சரிக்கை பூட்டு அளவுக்குச் சின்னதில்லை. ஆபத்து என்று தெரிந்த தளமாக இருந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பாக வரும். அதைத் தாண்டி உள்ளே போகவே போகாதீர்கள்.

தொந்தரவே வேண்டாம் என்று புதுப்பிக்காமல் இருந்துவிட்டால் என்ன?

2023 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். 'வெப்பி' என்ற வகைப் படங்களைத் திறந்துகாட்டும் நிரல்துண்டில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிரல்துண்டு குரோமிலும் இருந்தது, பயர்பாக்ஸிலும் இருந்தது, வேறு பல செயலிகளிலும் இருந்தது. கெட்ட நோக்கத்தோடு செய்த ஒரு படம் பக்கத்தில் தோன்றினாலே தாக்குதலுக்கு வழி கிடைத்துவிடும். எதையும் இறக்கவோ, 'ஓகே' தட்டவோ தேவையில்லை. திருத்தம் வருமுன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். குரோம் செப்டம்பர் 11ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது, பயர்பாக்ஸ் மறுநாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் இப்படி ஒன்று நடந்ததையே அறிந்திருக்க மாட்டார்கள்.

தோற்றம் பிடிக்கவில்லை என்று எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் சம்பளமும் சேமநிதியும் பார்க்கிற கைப்பேசியில் புதுப்பித்தலை நிறுத்த மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

பழைய பதிப்புக்கே திரும்ப முடியாதா?

பெரும்பாலும் முடியாது, முடிந்தாலும் நல்லதில்லை. 2023இல் புதுத் தோற்றம் வந்தபோது குரோமின் சோதனை அமைப்புகளுக்குள் போய்ப் பழைய முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள். 2024இல் அந்த வழியும் அடைபட்டது. பயர்பாக்ஸில் 2019இலிருந்து ஒரு கட்டுப்பாடு உண்டு: புதிய பதிப்பில் பயன்படுத்திய உங்கள் கணக்குத் தகவல்களைப் பழைய பதிப்பு திறக்காது, வெறுமையாகப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். சேமித்த கடவுச்சொல் எல்லாம் போய்விட்டது என்று பதறுவார்கள். பழைய பதிப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) இறக்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

புதுப்பித்தலாலேயே கெட்டுப்போவதும் உண்டுதானே?

உண்டு. ஆனால் புதுப்பித்தல் இல்லாமலே கெட்டுப்போய், புதுப்பித்தலால் சரியானதும் உண்டு. 2019 மே 4ஆம் தேதி வாக்கில் பயர்பாக்ஸ் வைத்திருந்தவர்களின் நீட்சிகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. நீட்சிகளைச் சரிபார்க்கும் ஒரு சான்றிதழைக் காலாவதி ஆகவிட்டதுதான் காரணம். தவறு முழுக்க அவர்கள் பக்கம். ஆனால் அதைச் சரிசெய்ததும் ஒரு புதுப்பித்தல்தான். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைத்திருந்தவர்கள் தாங்களே தேடிப்போய் இறக்க வேண்டியிருந்தது.

"உங்கள் உலாவி பழசாகிவிட்டது, உடனே இங்கே தட்டுங்கள்" என்று ஒரு பக்கம் சொல்கிறது. தட்டலாமா?

தட்டாதீர்கள். எந்த இணையப் பக்கமும் உங்கள் உலாவியைப் புதுப்பிக்காது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், ஐபோனில் ஆப் ஸ்டோர், கணினியில் உலாவியின் சொந்தப் பட்டியலுக்குள் உள்ள 'அபவுட்' பகுதி. இந்த மூன்று வழிதான்.

நம் நாட்டில் கல்யாணப் பத்திரிகை, அரசாங்க உதவித்தொகை என்றெல்லாம் சொல்லி ஏபிகே கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகளைக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. உலாவிப் புதுப்பித்தல் என்ற பெயரிலும் அதே வேலையைச் செய்கிறார்கள். ஏற்கெனவே தட்டி நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். அப்புறம் வேறு ஒரு போனிலிருந்து உங்கள் வங்கியையும், மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பணத்தை நிறுத்திவைக்க நேரம் மிக முக்கியம்.

என் கைப்பேசிக்கு இனிமேல் புதுப்பித்தல் கிடையாது என்கிறார்கள். நல்லாத்தானே ஓடுகிறது?

இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். குரோம் 138 பதிப்போடு ஆண்ட்ராய்டு 8, 9 கைப்பேசிகளுக்கு ஆதரவு முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 139க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். பட்டணத்துக் கடைக்காரருக்கு இது ஒரு சின்னச் செய்தி. சிங்கப்பூரிலோ கிள்ளானிலோ வேலை செய்யும் மகன் தான் புதுசு வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கொடுப்பான், அம்மாவிடமிருந்து அது பாட்டிக்குப் போகும். அப்படிக் கைமாறி வந்த கைப்பேசிகள் எங்கள் பக்கம் ஏராளம். கண்ணாடி உடையவில்லை, பேட்டரி தாங்குகிறது, அதை எதற்குத் தூக்கிப்போடுவது?

கணினியிலும் இதே கதை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பிள்ளைகளின் பாடம் இணையத்துக்குப் போனபோது, பல குடும்பங்கள் கையில் கிடைத்த காசுக்குப் பழைய மடிக்கணினி வாங்கின. அவற்றில் விண்டோஸ் 7 ஓடியவை நிறைய. குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8.1 இரண்டையும் கைவிட்டது. பயர்பாக்ஸ் மட்டும் 115 என்ற நீண்டகாலப் பதிப்பை வைத்துக்கொண்டு, பழைய விண்டோஸ்காரர்களுக்குக் கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டியது. அதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இப்போது செய்யக்கூடியது: 'செட்டிங்ஸ்' போய் 'அபவுட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் பிளே ஸ்டோரில் பயர்பாக்ஸ் அந்தக் கைப்பேசிக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். வங்கி வேலையையும் சேமநிதிக் கணக்கையும் வீட்டில் புதிதாக உள்ள கைப்பேசிக்கு மாற்றுங்கள். பழையதில் பாட்டு கேளுங்கள், பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசுங்கள். உடனே ஓடிப்போய்க் கடன் எடுத்துப் புதுசு வாங்காதீர்கள்.

விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சி குரோமில் வேலை செய்யவில்லை. ஏன்?

நீட்சிகள் எழுதப்படும் முறையைக் குரோம் மாற்றியது. பழைய முறையில் எழுதிய நீட்சிகளை 2024இல் அணைக்கத் தொடங்கி 2025இல் முடித்துவிட்டார்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் போன்ற பிரபலமான தடுப்பானும் போனது. பாதுகாப்பும் வேகமும் கூடும் என்பது கூகுள் சொன்ன காரணம். புது முறையில் தடுப்பானின் கை கட்டப்படுகிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனமே இதை முடிவு செய்வதையும் சுட்டிக்காட்டினார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் டாப்அப் போட்டு டேட்டா வாங்குகிறவருக்கு ஒவ்வொரு விளம்பர வீடியோவும் காசு. அதனால் நான் எதிர்த்தவர்கள் பக்கம்தான்.

யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற இளைத்த வடிவம் குரோமில் கிடைக்கிறது. முழு வடிவம் வேண்டும் என்றால் பயர்பாக்ஸுக்குப் போங்கள். அது பழைய முறையை விடவில்லை. கைப்பேசிப் பயர்பாக்ஸிலும் நீட்சி போடலாம்.

புதுப்பித்தல் என் டேட்டாவைச் சாப்பிடுகிறதே?

பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, 'செட்டிங்ஸ்' போய், செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கும்படி வைத்துவிடுங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால் வாரம் ஒரு முறை சொந்தக்காரர் வீட்டிலோ நம்பிக்கையான கடையிலோ இணைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் லைன் சரியாகக் கிடைக்காத இடங்களில் பாதியில் அறுந்து அறுந்து இறங்குவதைவிட இது மேல்.

புதுப்பித்த பிறகு எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே தள்ளிவிட்டது. கடவுச்சொல் போய்விட்டதா?

அநேகமாகப் போகவில்லை. மறுபடி உள்ளே நுழையச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் யார் பேச்சையும் கேட்டு உலாவியை நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள். அப்போதுதான் உண்மையிலேயே போகக்கூடும். முதலில் அமைப்புகளுக்குள் கடவுச்சொல் பகுதியைத் திறந்து பாருங்கள்.

வருமான வரிப் பாரத்தை அனுப்பிவிட்டேன், அச்சடிக்கும் பக்கம் மட்டும் வரவில்லை.

சம்பளக்காரர்களுக்கு இணையத்தில் பாரம் அனுப்ப மே 15 வரை நேரம் என்பதால் அந்த வாரம் கடையில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பல தளங்கள் ஒப்புகைச் சீட்டைத் தனிச் சாளரத்தில் திறக்கின்றன. உலாவி அதை விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிடுகிறது. முகவரிப் பட்டையின் ஓரத்தில் தடுத்ததாக ஒரு சின்னம் தெரியும். அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பாரத்தை இரண்டாவது தடவை அனுப்ப வேண்டாம்.

தமிழ் எழுத்து முன்பு மாதிரி இல்லையே?

விண்டோஸில் முன்பு லதா எழுத்துரு வந்தது, பிறகு நிர்மலா வந்தது. பக்கமும் உலாவியும் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் பொறுத்துத் தடிப்பும் வளைவும் மாறும். எழுத்து மொத்தமும் கிறுக்கலாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்திய பழைய எழுத்துருவில் செய்ததாக இருக்கும். புதுப்பித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேட்காமலே வந்து நிற்கும் ஏஐ பொத்தான்களை என்ன செய்வது?

வேண்டாம் என்றால் அமைப்புகளில் தேடி அணையுங்கள். பிள்ளைகள் பாடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், அது அவர்கள் விருப்பம். வங்கி எண், அடையாள அட்டை எண், மருத்துவச் சீட்டு எதையும் அதில் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

நாம் குறை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டிருக்கிறார்கள். 2021இல் ஆப்பிள் சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுபோனபோது சோதனைப் பதிப்பிலேயே எதிர்ப்பு கிளம்பியது. வெளியீட்டுக்கு முன்பே மேலே வைத்துக்கொள்ளும் தேர்வைச் சேர்த்தார்கள். ஆண்ட்ராய்டுப் பயர்பாக்ஸை 2020 ஆகஸ்டில் அடியோடு மாற்றி எழுதியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய நீட்சிகளே மிஞ்சின. பயனர்கள் விடாமல் கேட்டார்கள். 2023 டிசம்பரில் 400க்கும் மேற்பட்ட நீட்சிகள் திரும்ப வந்தன. தாவல் குழுவும் பல காலம் கேட்டு வாங்கியதுதான்.

அந்தக் குரல்களில் நம் பக்கத்துக் குரல் குறைவு. பால் வெட்டியவரும் செம்பனைக் குலை அறுத்தவரும் எப்படிக் கைப்பேசி பழகினார்கள் என்பது, நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? குரோமிலும் பயர்பாக்ஸிலும் உதவிப் பகுதிக்குள் கருத்து அனுப்பும் இடம் இருக்கிறது. "நல்லா இல்லை" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எந்தக் கைப்பேசி, ஆண்ட்ராய்டு எண் என்ன, முன்பு எங்கே தட்டினீர்கள், இப்போது அங்கே என்ன திறக்கிறது என்று எழுதுங்கள். மாறியதைப் படம் பிடித்து இணைத்து, வங்கி விவரம் தெரிந்தால் அதை மறைத்து அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுத வராது என்றால் கடைக்கு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.